துயிலும் தொழிலும்

கல்லூரி விடுதிகளில் ஆண்டுதோறும் தேர்வுக் காலத்தில் ஒரு காட்சியைக் காணலாம். நள்ளிரவு கடந்த பின்னும் பல அறைகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தேநீர்க் கோப்பைகள் மேசைமீது வரிசையாய் நிற்கும். கண் சிவந்த மாணவர், தாம் எத்தனை மணி நேரம் உறங்காதிருந்தோம் என்பதை ஒருவர்க்கொருவர் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்வர். தேர்வுக்கு இரண்டு திங்களுக்கு முன்னர், வெயில் முகத்திற் படும்வரை போர்வையை விட்டெழாதவரும் இவர்களே. மிகுதியாய் உறங்குதலும், சிறிதும் உறங்காமையும் ஒரே மனிதனிடத்தில் மாறி மாறிக் குடிகொண்டிருப்பதைக் காணுங்கால், துயிலைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் நாம் தெளிந்த கொள்கை யாதுமின்றியே வாழ்ந்துவருகிறோம் என்பது புலனாகும். இவ்விஷயத்தில் கிறிஸ்து மார்க்கம் கூறுவது யாது என்பதை ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்போக்காய் நோக்குவார்க்குத் திருமறை இருவேறு குரலில் பேசுவதாகத் தோன்றக்கூடும். நீதிமொழிகளின் ஆசிரியர் சோம்பேறியை எறும்பினிடத்திற் பாடங் கேட்க அனுப்புகிறார். நம் வள்ளுவர் பெருமான் மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தது போன்ற கண்டிப்பு அங்கே காணப்படுகின்றது. அதே திருமறையில் 127-ஆம் சங்கீதமோ, தேவனை மறந்தவன் இரவைப் பகலாக்கி உழைப்பதனால் விளையும் பயன் ஒன்றுமில்லை என்றும், துயில் அவர் தம் அன்பர்க்கு அளிக்கும் கொடை என்றும் கருத்துரைக்கின்றது. ஒரு பக்கம் எழுந்திரு என்கிறது. மறுபக்கம் படுத்துக்கொள் என்கிறது. இவ்விரண்டும் தம்முள் முரணுமோ? ஏட்டில் மட்டும் தேடின் இவ்வினா எளிதில் தீராது. உழைப்பையும் ஓய்வையும் அன்றாடம் அளந்து வாழ வேண்டியவர்களாகிய மீனவரின் ஏரிக்கரையில் நின்று பார்ப்போமாயின் விடை விளங்கத் தொடங்கும்.

ஏரிக்கரையின் காலக்கணக்கு

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி வாணிகம் நடத்திய பழம்பதி அது. அதனை அடுத்த நீர்ப்பரப்பை ஏரி என வழங்கினும், உண்மையில் அது கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உப்பங்கழியாகும். இந்தியாவின் இத்தகைய உப்புநீர் ஏரிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்கும். ஆரணியாறும் களங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே வங்கக்கடலின் உவர்நீர் புகுந்து வெளியேறும். பொன்னேரி வட்டத்துக் காட்டூர் முதலிய ஊர்களின் பக்கமாய்ச் செல்வோர், உழவும் மீன்பிடியும் அருகருகே நிகழ்வதைக் காண்பர். ஒருவர் ஏரைப் பிடிக்க, மற்றொருவர் வலையைப் பிடிக்கிறார்.

உழவனுக்குக் கதிரவனே கடிகாரம். மீனவனுக்கோ திங்களே கடிகாரம். கடலோதம் ஒவ்வொரு நாளும் முன்னாளைக் காட்டிலும் ஏறக்குறைய 50 நிமிஷம் பிந்தி வரும். இன்று மாலை ஆறு மணிக்கு ஏறிய நீர் ஒரு வாரத்திற்குப் பின் நள்ளிரவை ஒட்டி ஏறும். இறாலும் பெரும்பாலும் இருளில் நடமாடும் இயல்புடையது. ஆதலால் நீர் ஏறி இறங்கும் வேளையை நோக்கியே மீனவன் எழ வேண்டும். அது நடு இரவாயினும் எழ வேண்டும். அவ்வாறு இரவு முழுவதும் இடுப்பளவு நீரில் நின்றவன் காலை பத்து மணிக்கு மரநிழலில் உறங்குவதைக் கண்டு, வழிப்போக்கன் ஒருவன் 'இவர்கள் சோம்பேறிகள்' என்று சொல்லிப் போவானாயின், அவன் கண்டது மீனவனின் துயிலை மட்டுமே, தொழிலைக் கண்டானல்லன். ஒருவன் உறங்கும் நேரத்தைக்கொண்டு அவன் ஊக்கத்தை அளத்தல் கூடாது. இதுவே ஏரிக்கரை நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம்.

படகில் உறங்கிய பெருமான்

சுவிசேஷ வரலாற்றின் பெரும்பகுதியும் இத்தகைய ஓர் ஏரிக்கரையிலேதான் நிகழ்ந்தது. கலிலேயாக் கடல் என வழங்குவது ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரியே. பேதுருவும் அந்திரேயாவும் யாக்கோபும் யோவானும் அங்கே வலைஞர். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாமல் காலையில் வலைகளை அலசிக்கொண்டிருந்த அவர்களது களைப்பைப் பழவேற்காட்டு மீனவர் எவர்க்கும் உரை எழுதி விளக்க வேண்டுவதில்லை.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தை ஊன்றிப் படிப்போர் ஓர் அழகிய பொருத்தத்தைக் காண்பர். நம் ஆண்டவர் பகலெல்லாம் படகில் அமர்ந்து கரையிலிருந்த திரளான மக்களுக்குப் போதித்தார். அப்போது கூறிய உவமைகளுள் ஒன்று, விதைத்துவிட்டு உறங்கி எழும் உழவனைப் பற்றியது. அவன் உறங்கும்போதும் விதை முளைக்கின்றது. எவ்வாறு முளைக்கின்றது என்பதை அவன் அறியான். இவ்வுவமையைப் பகலில் உரைத்த பெருமான், அன்று மாலை அக்கரைக்குச் செல்லும்போது, படகின் பின்பக்கத்தில் தலையணைமீது சாய்ந்து உறங்கிவிட்டார். பெருங்காற்று வீசியது, அலை படகினுள் பாய்ந்தது, அவரோ உறங்கிக்கொண்டிருந்தார். பகலில் சொல்லிக் காட்டியதை இரவில் செய்து காட்டினார் என்றே கூறவேண்டும்.

படகில் புயலிடையே உறங்கிய மற்றொருவரும் திருமறையில் உண்டு. அவர் யோனா தீர்க்கதரிசி. கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து உறங்கிய அவரைக் கப்பல் தலைவன் தட்டியெழுப்பினான். புறத்தே நோக்கின் இரு துயிலும் ஒன்றே. அகத்தே நோக்கின் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. யோனா தமக்கு இடப்பட்ட பணியை விட்டோடி வந்து உறங்கினார். ஆண்டவர் தமக்கு இடப்பட்ட அந்நாளின் பணியை முடித்துவிட்டு, எஞ்சியதைத் தம் பிதாவின் கையில் விட்டு உறங்கினார். முன்னையது தப்பியோடுதல்; பின்னையது நம்பியிருத்தல். நம் உறக்கம் இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தது என்று ஒவ்வொருவரும் படுக்கைக்குச் செல்லுமுன் தம்மைத் தாமே வினவிக்கொள்ளலாம். நாம் படுப்பதற்கு முன் எதனைச் செய்து முடித்தோம், எதனைக் கண்டு ஓடிவந்தோம் என்பதே உறக்கத்தின் தன்மையை உணர்த்தும் அளவுகோல்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. அது பலவீனத்தின் உறக்கம். கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் துக்கத்தினால் உறங்கினர். அவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டபோதும், உள்ளம் விரும்பினும் உடல் தாங்காது என்பதை அவரே எடுத்துரைத்தார். அவருக்கு நூற்றாண்டுகள் பல முன்னர், எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து சாவை வேண்டியபோது, தேவன் அவருக்கு முதலில் உபதேசம் செய்யவில்லை. உறங்க விட்டார்; தூதனை அனுப்பி உணவளித்தார்; மீண்டும் உறங்க விட்டார்; மீண்டும் உணவளித்தார். அதன் பின்னரே நீண்ட பயணத்திற்கு அனுப்பினார். உள்ளம் சோர்ந்த நண்பனுக்கு நாம் அறிவுரை கூற விரைகிறோம். சில வேளைகளில் அவனுக்கு வேண்டுவது ஒரு வேளை உணவும் ஓரிரவுத் துயிலுமே.

உடல்நூல் உரைப்பது

துயில் வீணாகக் கழியும் காலம் என்னும் எண்ணத்தை இக்கால ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்வதில்லை. 1924-ஆம் ஆண்டில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இரு அறிஞர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினர். மாணவர் இருவர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தனர். மனப்பாடம் செய்தபின் உறங்கி எழுந்த வேளைகளில் அவர்கள் நினைவில் நின்றவை, அதே அளவு நேரம் விழித்திருந்த வேளைகளில் நின்றவற்றினும் மிகுதியாய் இருந்தன. அதன் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் பலவும், பகலில் கற்றதை மூளை துயிலின்போது பதியவைத்துக்கொள்கிறது என்னும் கருத்தை வலியுறுத்தியுள்ளன. உயிர்களின் உடலணுக்களுக்குள்ளேயே இரவு பகலை உணரும் ஒரு கடிகாரம் இயங்குவதைப் பழ ஈயைக்கொண்டு விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர்க்கு 2017-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத துயில் வேண்டுமென்பது மருத்துவர் கூறும் பொது அளவு.

இதனை நான் ஏட்டில் கற்பதற்கு முன் அனுபவத்தில் கற்றேன். மாணவனாயிருந்த காலத்தில், ஒரு தேர்வுக்காக இரண்டு இரவுகள் கண் மூடாமல் படித்தேன். வினாத்தாளைக் கண்டதும் யாவும் அறிந்தவையாகவே தோன்றின. மகிழ்ச்சியோடு எழுதினேன். வெளியே வந்து நண்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், ஒரு வினாவைப் பாதி படித்துவிட்டு, கேளாத கேள்விக்கு நான்கு பக்கம் விடை எழுதியிருப்பதை உணர்ந்தேன். என் தந்தையார் கடன்பட்டுக் கட்டிய கட்டணத்தை அந்நான்கு பக்கங்களில் வீணாக்கினேன். அதனினும் வெட்கத்துக்குரியது யாதெனில், ஆண்டுத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் படித்திருந்தால் அவ்விரண்டு இரவுகளும் வேண்டியிரா. அளவுக்கு மிஞ்சிய விழிப்பு பெரும்பாலும் முன்னாளைய சோம்பலின் வட்டியேயாகும்.

தொழிலின் சிறப்பு

துயிலை இவ்வளவு புகழ்ந்தது சோம்பலுக்கு இடந்தருவதற்காகவன்று. தச்சர் வீட்டில் வளர்ந்து தாமும் தச்சரென அறியப்பட்ட ஆண்டவரைப் பின்பற்றுவோர்க்குக் கைத்தொழில் இழிவாதல் எவ்வாறு? கல்வியிற் சிறந்த பவுலடியார் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்பாரோடு கூடாரம் தைத்துப் பிழைத்தார். தெசலோனிக்கேயா சபையாரில் சிலர், ஆண்டவரின் வருகை அணித்தாயிற்று என்று சொல்லி வேலையை விட்டுப் பிறர் உணவை உண்டு திரிந்தபோது, உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்று அவர் கண்டிப்பாய் எழுதினார். அவர் கண்டித்தது உழைக்க மனமில்லாதவரையேயன்றி, உழைக்க வழியில்லாதவரையன்று. இவ்வேறுபாட்டை மறந்து அவ்வாக்கியத்தை ஏழையின் முகத்தில் வீசுவோர் பவுலடியாருக்கும் அநியாயம் செய்கின்றனர்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டில் பெனடிக்ட் முனிவர் தம் மடத்தார்க்கு வகுத்த ஒழுங்கில் ஜெபத்திற்கும் படிப்பிற்கும் கைவேலைக்கும் தனித்தனி வேளைகள் குறிக்கப்பட்டன. குளிர்காலத்தில் நள்ளிரவுக்குப் பின்னும் சிறிது நேரம் உறங்கி உணவு செரித்த பின்னரே எழ வேண்டும் என்றும், கோடையில் நண்பகல் உணவுக்குப் பின் படுத்து இளைப்பாறலாம் என்றும் அவர் விதித்தார். மடத்தார் கடுந்துறவிகளாயினும் அவர்கள் உடலையும் அவர் மறந்தாரல்லர். பின்னாளில் ஜான் வெஸ்லி அதிகாலை நான்கு மணிக்கு எழும் வழக்கத்தை முதுமைவரை கைக்கொண்டார். மிகையாய் உறங்குதல் காலத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே கெடுக்கும் என்று 1782-ஆம் ஆண்டில் ஒரு பிரசங்கமே எழுதினார். எனினும் ஆறு மணி நேரத்திற்கும் சற்று மேற்பட்ட துயில் வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அளவு சற்று வேறுபடலாம்; அளவு ஒன்று வேண்டும் என்பதில் அறிவுடையோர் வேறுபடவில்லை.

மீனவரின் தொழிலிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வலை வீசுவது சில மணி நேரமே. அறுந்த கண்ணிகளைச் சேர்ப்பதும், பாசியை அலசுவதும், படகைச் செப்பனிடுவதும் கரையில் நிகழும் நீண்ட வேலைகள். ஆண்டவர் அழைத்தபோது யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் அமர்ந்து பேசிக்கொண்டே வலை முடிவோரைக் காண்பவர்க்கு அது பொழுதுபோக்காகத் தோன்றும். அது இன்றேல் மறுநாள் வலையில் மீன் நில்லாது. உறக்கமும் அத்தகையதொரு பழுதுபார்த்தலே.

ஓய்வுநாளின் இரு காரணங்கள்

துயில் நாள்தோறும் வருவது. அதனினும் பெரியதோர் ஒழுங்கு வாரந்தோறும் வரும் ஓய்வுநாள். இதனைக் குறித்த கட்டளை திருமறையில் இரண்டிடங்களில் வருகின்றது. இரண்டிலும் காரணம் ஒன்றன்று. யாத்திராகமத்தில், தேவன் ஆறு நாளில் படைப்பை முடித்து ஏழாம் நாளில் ஓய்ந்தமையே காரணமாகச் சொல்லப்படுகிறது. உபாகமத்திலோ, இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாயிருந்தமையை நினைவூட்டி, அதன் பொருட்டு வேலைக்காரனும் வேலைக்காரியும் தம்மைப்போல் இளைப்பாற வேண்டுமென்று கட்டளையிடப்படுகிறது. மாடும் கழுதையும் வாசலில் தங்கிய அந்நியனும் விலக்கப்படவில்லை. ஆகவே ஓய்வு என்பது இரு முகமுடையது. ஒன்று தேவனை நோக்கியது: உலகம் என் கையினால் மட்டும் நடைபெறுவதன்று என்னும் விசுவாசம். மற்றொன்று அயலானை நோக்கியது: என்னைப்போல் அவனும் களைப்பவன் என்னும் நீதி. முதலாவதை நாம் ஆலயத்தில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதை அத்துணை கேட்பதில்லை.

சரித்திரமும் இதற்குச் சான்று பகரும். 321-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி, பட்டணத்தாரும் தொழிற்சாலையாரும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க ஆணையிட்டார். பருவம் தவறுதலாகாது என்பதற்காக உழவர்க்கு விலக்களித்தார். 1793-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சியாளர் பத்து நாளைக்கொரு விடுமுறை என்னும் புதிய நாட்கணக்கை ஏற்படுத்தினர். 1806-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அது கைவிடப்பட்டது. 1929-ஆம் ஆண்டில் சோவியத் அரசாங்கம் இயந்திரங்கள் ஒருநாளும் நில்லாதிருக்கும்பொருட்டுத் தொழிலாளரைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிற்கும் வெவ்வேறு விடுமுறை நாள் வகுத்தது. கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு வேறொரு நாளும் ஓய்வு வாய்த்தது. ஐந்து நாளைக்கொரு முறை ஓய்வு கிடைத்தும் மக்கள் மகிழ்ந்தாரில்லை. 1940-ஆம் ஆண்டில் ஏழுநாள் வாரம் மீண்டது. ஓய்வு என்பது தனித்தனியே அளந்து கொடுக்கும் கூலியன்று, கூடியிருந்து நுகரும் விருந்து என்பதை இதனால் அறிகிறோம்.

நம் நாட்டில், 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்க்கு மட்டுமே வேலைநேர வரம்பும் விடுமுறையும் விதித்தது. 1891-ஆம் ஆண்டின் சட்டமே ஆலைத் தொழிலாளர்க்கு வாரவிடுமுறை அளித்தது. 1922-இல் வாரத்திற்கு 60 மணி, 1934-இல் 54 மணி, 1946-இல் 48 மணி என வேலைநேரம் படிப்படியாகக் குறைந்தது. இவ்வுரிமை தானாய் வந்ததன்று. சென்னையில் மீனவர் குடியிற் பிறந்த சிங்காரவேலர் 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளில், கடற்கரையிலே, இந்தியாவில் முதன்முறையாக மே தினம் கொண்டாடியதும் இப்போராட்டத்தின் ஒரு பகுதியே. ஆனால் எந்த ஆலைச் சட்டமும் ஏரியில் வலை கட்டுவோனை எட்டுவதில்லை. அவனுக்கு ஓய்வை வகுத்தவர் யார்?

பாடு என்னும் சொல்

அவனுக்கு ஓய்வை வகுத்தவர் அவன் ஊராரே. அவர்கள் வகுத்த முறைக்குப் பாடு என்று பெயர். தமிழில் பாடு என்பது உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். பாடுபடுதல் என்கிறோம், கிறிஸ்துவின் பாடுகள் என்று திருச்சபையில் வழங்குகிறோம். பழவேற்காட்டிலோ அதே சொல் மீன்பிடிப்பதற்குரிய முறையையும் குறிக்கின்றது. இறால் மிகுதியாய் அகப்படும் இடங்கள் ஏரியிற் சிலவே. அங்கே எல்லாரும் ஒரே வேளையில் சுத்துவலை கட்டப் புகுந்தால், வலியவர் பிடிப்பர், எளியவர் வறுங்கையராய்த் திரும்புவர், கலகமும் விளையும். ஆகவே ஊரார் கூடி, உரிமையுடையாரைக் குழுக்களாய் வகுத்து, சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்ன நாளில் இன்னார்க்கு என்று முறைவைத்து மாறி மாறிப் பிடிக்கின்றனர். கோட்டைக்குப்பமும், மாதாவின் பெயர் தாங்கிய நடுவூர் மாதாகுப்பமும் இம்முறையைக் கைக்கொண்ட ஊர்களுள் சேர்ந்தவை. கொச்சிக் காயல்களிலும் இத்தகைய பாடு உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கத்தோலிக்க மீனவர் சங்கங்கள் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டிட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நெடுநாளாய் இருந்துவருகின்றது.

தன் முறையல்லாத நாளில் மீனவன் அவ்விடத்தில் வலை கட்டாமல் நிற்கின்றான். நீரில் இறால் இல்லாமையாலன்று. அவன் கையில் வலை இல்லாமையாலுமன்று. இன்று அது அயலானின் பாடு என்பதனால் நிற்கின்றான். அவன் ஓய்வு அயலானின் உணவாகின்றது. நாளை அயலான் நிற்க, இவன் உண்பான். உபாகமத்தின் கட்டளை கூறும் நீதி இதுவேயன்றோ? நான் நில்லாமல் ஓடுவேனாயின் என்னோடு ஓடமாட்டாதவன் வீழ்வான். ஆதலால் கிறிஸ்தவன் ஓய்வது தன் உடல்நலத்தின் பொருட்டு மட்டுமன்று. பிறர்க்கு இடம் விடுதலின் பொருட்டுமாகும். உழைப்பு எவ்வாறு அயலானுக்குச் செய்யும் தொண்டோ, அவ்வாறே ஓய்வும் அயலானுக்குச் செய்யும் தொண்டு. எழுந்திரு என்னும் குரலும் படுத்துக்கொள் என்னும் குரலும் இங்கே ஒன்றாகின்றன. என் முறை வந்தபோது உறங்கினால் என் குழுவினர்க்குக் கேடு. என் முறை கழிந்த பின்னும் விலகாதிருந்தால் என் அயலானுக்குக் கேடு.

பாடுமுறை குற்றமற்றது என்று நான் கூறேன். அவ்வுரிமை பிறப்பையும் ஊரையும் பற்றி வருவது. அதற்குப் புறம்பாய் நிற்கும் ஊரார்க்கு ஏரி ஒன்றாயிருந்தும் இடம் ஒன்றாயில்லை. இதனால் பூசல்களும் எழுந்துள்ளன. எனினும், வரம்பின்றிப் பிடிப்பது எவர்க்கும் நன்மையன்று என்னும் உண்மையை அம்முறை தாங்கி நிற்கின்றது.

ஓய்வு மனிதர்க்கு மட்டுமே உரியதுமன்று. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாய் விட வேண்டுமென்று மோசே பிரமாணம் கூறும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் மீன் இனம் பெருகும் பொருட்டு, 2001-ஆம் ஆண்டு முதல் 45 நாளும், 2017-ஆம் ஆண்டு முதல் ஏப்பிரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாளும் இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டு வருகின்றது. கடலுக்கும் ஓர் ஓய்வுநாள் உண்டு என்று சொல்லலாம்.

ஓய வழியில்லாதார்

இங்கே ஒரு கடினமான வினா எழுகின்றது. ஓய்வு இத்துணைச் சிறந்ததாயினும், பசித்தவன் எவ்வாறு ஓய்வான்? முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடுங்கால் கடல்நீர் ஏரியுட் புகுதல் குன்றுகிறது. அதனோடு மீனும் குன்றுகிறது. முன்பு ஓர் இரவிற் கிடைத்ததற்கு இப்போது இரண்டு இரவுகள் நிற்க நேரிடின், ஏழை முதலில் இழப்பது தன் துயிலையே. மீனவன் கரையேறிய பின் அவன் மனைவியின் வேலை தொடங்குகின்றது. கூடையைச் சுமந்து சந்தைக்குச் சென்று விற்றுத் திரும்பி அடுப்பும் மூட்டும் அவளுக்கு எது ஓய்வுநாள்?

வேலையின்மையை ஓய்வென்று சொல்லி ஆறுதல் கூறுவதும் தகாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, பழவேற்காட்டிற்குத் தெற்கேயுள்ள எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியது. அங்குள்ள மீனவர் பல நாள் தொழிலின்றிக் கரையில் அமர்ந்திருந்தனர். வலை காய்ந்தது, ஆயினும் அஃது ஓய்வன்று. நாளை உண்டு என்னும் நம்பிக்கையோடு வேலையை நிறுத்துவதே ஓய்வு. அந்நம்பிக்கை பறிபோன இடத்தில் உறக்கமும் கண்ணுக்கு எட்டாது. ஆகவே திருச்சபை ஏழைக்கு ஓய்வைப் போதித்தால் மட்டும் போதாது. அவன் அஞ்சாமல் ஓய்வதற்குரிய நிலைமையைத் தேடிக்கொடுப்பதும் அதன் கடமையாம். நியாயமான கூலியும், தூய நீரும், கடனற்ற வீடும் துயிலின் வாசற்படிகள்.

மாணவர்க்கு ஒரு சொல்

மாணவ நண்பர்களே, இவையெல்லாம் ஏரிக்கரையின் விஷயம், நமக்கென்ன என்று எண்ணாதீர். உங்களுக்கும் ஒரு பாடு உண்டு. இக்கல்லூரியில் நீங்கள் அமரும் இடம் வேறொருவர் பெற விரும்பிப் பெறாத இடம். உங்கள் முறை வந்த இந்நாட்களில் வகுப்பில் உறங்குதல், பிறர்க்கும் இடமின்றித் தாமும் வலை கட்டாமல் நிற்பதை ஒக்கும். ஆதலால் படிக்க வேண்டியதை அன்றன்றே படியுங்கள். படிக்கும் வேளைக்கு ஒரு வரம்பு வகுத்து, அவ்வரம்பு வந்ததும் ஏட்டை மூடுங்கள். தேர்வு நெருங்கினும் ஓய்வுநாளைக் களவு கொடாதீர்.

உங்கள் விழிப்பினால் பிறர் துயிலைக் கெடுக்கின்றீரா என்பதையும் எண்ணிப் பாருங்கள். விடிவதற்கு முன்னே உங்களுக்காக அடுப்பு மூட்டும் விடுதிச் சமையற்காரர், இரவெல்லாம் வாயிலில் நிற்கும் காவலாளர், வழிகளைக் கூட்டுவோர், ஊரிலே உங்கள் கட்டணத்திற்காகக் கூடுதல் வேலை செய்யும் தாய் தந்தையர் ஆகிய இவர்கள் துயிலின் விலையைக்கொண்டே உங்கள் கல்வி நடைபெறுகின்றது. நாளை நீங்கள் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் பிறரை வேலை வாங்கும் நிலைக்கு உயர்வீர்கள். அப்போது உங்கள் கீழ் உள்ளவன் இரவில் நிம்மதியாய் உறங்குகின்றானா என்று கேட்பதை உங்கள் கணக்குகளுள் ஒன்றாகக் கொள்வீராயின், இக்கல்லூரி உங்களுக்குக் கற்பித்தது வீணாகாது.

நீர் வற்றும் வேளையில் மீனவன் வலையைச் சுருட்டிப் படகைக் கரையில் கட்டுகின்றான். எல்லா மீனும் அகப்பட்டுவிட்டதனாலன்று; தன் முறை முடிந்ததனால் கட்டுகின்றான். ஓதம் மீண்டும் ஏறும் என்பதை அவன் அறிவான். அதனை ஏற்றுபவன் தானல்லன் என்பதையும் அறிவான். அன்றன்றைய பணியை உண்மையோடு செய்து முடித்து, செய்ய இயலாததை உறங்காத தேவனின் கையில் ஒப்புவித்து, அயலானுக்கு அவன் முறையை விட்டுக்கொடுத்து, அச்சமின்றிக் கண்மூடும் பேற்றை நம் யாவர்க்கும் அவர் அருள்வாராக.